மூன்று நாளைக்கு இறங்காத கண்ணாடி

அத்தியாயம் 17

போன வாரம் டீச்சரைக் கடைவாசலில் அப்படியே நிறுத்திவிட்டுப் போனதற்காக என்னைத் திட்டி எழுதியவர்கள் நிறையப் பேர். திட்டு வாங்க வேண்டியதுதான். ஒரு பெண் தன் சொந்தக் காரின் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டக் கடைக்குப் போகிறாள். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஃபிலிம் ரோலைப் பார்த்துக்கொண்டே, "சார் போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டாரும்மா" என்கிறார். அந்த இடத்தில் 'தொடரும்' போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

டீச்சருக்கும் வந்தது.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருபவர். பதினாறு வருடமாக ஒரே சிவப்புக் கார், ஒரே டீச்சர். கிளட்சை விடும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், எதிரே சைக்கிள் வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறவர்கள், எல்லோரையும் ரோட்டில் இறக்கி லைசென்ஸ் வாங்க வைத்தவர்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு வியாதி வந்தது. வெயில் பட்டால் தோல் தடிக்கும், மூட்டு வீங்கும், காய்ச்சல் அடிக்கும். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம் கணவர் சொன்னது ஒரே வாக்கியம்: "வண்டி ஓட்டறதை அடியோட விட்டுடணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

கணவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கிடங்கிலிருந்து ஒரு ஆணிகூட வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற அன்று சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தார், குணத்தைக் கொடுக்கவில்லை. வீட்டில் நகவெட்டி எடுத்தால்கூட யார் எடுத்தது, எப்போது வைப்பீர்கள் என்று கேட்பார். கெட்டவர் இல்லை. ஆனால் மனைவியும் ஸ்டாக்கில் இருக்கிற ஒரு சாமான் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார், அதுதான் தகராறு.

வெயில்தானே பிரச்சினை, வெயிலைத் தடுத்துவிட்டால் என்ன என்று டீச்சருக்கு யோசனை சொன்னவள் அவர் படுப்பதற்கு முன்பு அவரிடம் கார் பழகிய ஒரு நர்ஸ். முன் கண்ணாடி, அதாவது விண்ட்ஷீல்டு, இரண்டு அடுக்காகச் செய்தது, அதுவே வெயிலின் கதிரைத் தடுத்துவிடும். மோசம் செய்வது பக்கத்துக் கண்ணாடிதான். அதற்கு என்று ஒரு ஃபிலிம் இருக்கிறது. கறுப்பு இல்லை. வெளிச்சத்தை விடும், கதிரை விடாது. சட்டத்துக்கும் ஒத்து வரும்.

அதை வீட்டுக்கு வந்து ஒட்ட ஆள் கேட்கத்தான் டீச்சர் கடைக்குப் போனார். அதைத்தான் சார் போன் பண்ணி நிறுத்தியிருந்தார்.

"சார் வேணாம்னா சாரோட காருக்கு ஒட்டாதீங்க. இது என் கார்" என்றார் டீச்சர்.

"வீட்டு விஷயத்துல நான் எப்படிம்மா தலையிடறது?"

"தலையிட வேணாம். ஃபிலிமை விப்பீங்களா?"

"விக்கறதுக்குத்தானே கடை."

"நாலு கண்ணாடிக்கு அளந்து குடுங்க. தண்ணி வழிக்கிற ரப்பர் கட்டை, பிளேடு, ஸ்பிரே பாட்டில், எல்லாம் சேர்த்து."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "நீங்களே ஒட்டப் போறீங்களா? எங்க ஆளுங்களுக்கே கை வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகும்மா."

"உங்க வீட்டம்மா ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்க எத்தனை நாள் ஆச்சு?"

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. "பத்து நாள்."

"அவங்களால பத்து ஜென்மத்துக்கும் முடியாதுன்னு என்கிட்ட சொன்னது யாரு?"

ரோல் வந்தது. கூடவே எப்படி ஒட்டுவது என்று படம் போட்ட ஒரு துண்டுத் தாளும் வந்தது.

*

டீச்சர் ஆட்டோவில் வீடு திரும்பியபோது மணி பதினொன்று. நாலு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

ஏன் நாலு மணி? காலையில் கிளம்பும்போது ஸ்டோர் கீப்பர் தன் தங்கையிடம் ஒரு உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார். "நாலு மணிக்குக் காரைப் பார்க்க ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். கழுவி வைக்கச் சொல்லு." டீச்சர் அப்போது இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். இரண்டடி தூரத்தில் நிற்கிறவளுக்குத் தங்கை மூலம் செய்தி!

நாளைக் காலை ஒன்பது மணிக்கு டீச்சரின் மூன்று மாணவிகளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். நர்ஸ், ஒரு வங்கிக்காரி, இரட்டைக் குழந்தைகளின் அம்மா. அவர்கள் பழகியதும் இந்தக் கார், டெஸ்ட் கொடுக்கப் போவதும் இந்தக் கார். இன்று இது கைமாறினால் நாளை அவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள், அதற்கு மறுநாளிலிருந்து டீச்சரை டீச்சர் என்று கூப்பிட ஆள் இருக்காது. காரை ஓட்டத் தகுந்ததாக ஆக்கிக் காட்டிவிட்டால் விற்க என்ன காரணம் சொல்வார் என்று பார்த்துவிடுவது, அவ்வளவுதான் திட்டம்.

நாத்தனார் ஷெட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுப்பவள். அண்ணி ஆஸ்பத்திரியில் படுத்தபோது சமைக்க வந்தாள், தன் தையல் மெஷினையும் கொண்டுவந்தாள், மெஷின் இன்னும் கூடத்திலேயே இருக்கிறது. அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். ஆனால் அண்ணி படுத்திருந்த நாளில் தலை வாரிவிட்டவளும் அவள்தான். யார் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாத ஆள். வாசகர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணி, அது என்ன ரோலு?"

"ஃபிலிம். நானே ஒட்டப் போறேன். போய் உங்க அண்ணனுக்குப் போன் பண்ணு."

நாத்தனார் போன் பண்ணவில்லை. ரோலை வாங்கி ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள், துணிக்கடையில் தரம் பார்ப்பது போல. "இதை வெட்டணுமே. உங்க கையால கத்தரி பிடிக்க முடியுமா?"

டீச்சர் தன் விரல்களைப் பார்த்தார். காலையிலிருந்து கணுவெல்லாம் வீங்கியிருந்தது. பொய் சொல்லிப் பயனில்லை.

"முடியாது."

"அப்ப நான் வெட்டித் தரேன். வெட்டித்தான் தருவேன். அண்ணன் கேட்டா நான் எதுவும் பண்ணலன்னு சொல்லுவேன்."

"நல்லா சொல்லு. முதல்ல உன் மேல ஒட்டியிருக்கிற நூலையெல்லாம் உதறிட்டு வா. தூசு ஆகாதாம்."

ஷெட்டின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார்கள். மின்விசிறி போடக் கூடாது, தூசு பறக்கும். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினார்கள். டீச்சர் குழந்தைக்குப் போடும் ஷாம்பு நாலு சொட்டு விட்ட தண்ணீரைக் கண்ணாடியில் அடித்து, பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினார். வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த கண்ணாடியிலிருந்து பதினாறு வருட அழுக்கு வழிந்தது. மாணவிகளின் கைரேகை, என்றோ ஒட்டிய ஒரு ஸ்டிக்கரின் பசை, வெளியே தலையை நீட்டி ஆட்டோக்காரர்களைத் திட்டியபோது தெறித்தது, எல்லாம்.

புழுக்கத்தில் வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. டீச்சர் அதைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போனார். முதலில் முன் கதவுக் கண்ணாடிகள் இரண்டும். ஓட்டுகிறவர் பக்கம் ஒன்று, சொல்லித் தருகிறவர் உட்காரும் பக்கம் ஒன்று. டீச்சருக்கு உயிர் போகிற இடம் இரண்டாவது, நாள் முழுக்க அங்கேதானே உட்கார வேண்டும். பின் கதவுக் கண்ணாடிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூடத்தில் நாத்தனார் தன் வேலையைத் தன் முறைப்படி செய்துகொண்டிருந்தாள். செய்தித்தாளைக் கண்ணாடியின் மேல் வைத்து அளவு எடுத்தாகிவிட்டது. ஒரு பக்கத்துக் கண்ணாடியும் மறுபக்கத்துக் கண்ணாடியும் வலது கையும் இடது கையும் மாதிரிதானே? சட்டைக்கு இரண்டு கையை எப்படி வெட்டுவார்கள்? துணியை இரட்டையாகப் போட்டு, மேலே பேப்பரை வைத்து, நகராமல் இருக்கக் குண்டூசி குத்தி, ஒரே வெட்டு. இருபத்திரண்டு வருடமாக அவள் அப்படித்தான் வெட்டுகிறாள். ஃபிலிமையும் அப்படியே வெட்டினாள். பேப்பரை எடுத்துவிட்டு, குண்டூசிகளை டப்பாவில் எண்ணிப் போட்டுவிட்டு, இரண்டு துண்டுகளையும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு வந்தாள்.

"பாருங்க அண்ணி, ஒரு நூல் அளவு கூடக் குறைய இல்ல."

உண்மைதான். ஓரம் கச்சிதமாகப் பொருந்தியது. டீச்சர் துண்டைக் கண்ணாடியின் மேல் வைத்துத் தண்ணீர் அடித்தார். ஷட்டருக்கு அடியிலிருந்து வந்த வெளிச்சம் அதன் மேல் விழுந்தது.

ஓரத்தைச் சுற்றிலும் பொட்டுப் பொட்டாகச் சிறிய வெளிச்சங்கள்.

"இது என்ன?"

நாத்தனார் கிட்டே வந்து பார்த்தாள். எண்ணினாள். பதினான்கு. அவள் குத்தியது ஏழு குண்டூசி. ஒவ்வொன்றுக்கும் போக ஒரு ஓட்டை, வர ஒரு ஓட்டை. இரண்டாவது துண்டை எடுத்துப் பார்த்தாள். அதிலும் பதினான்கு.

"துணின்னா தண்ணியில நனைச்சதும் மூடிக்கும் அண்ணி…" என்றாள். ஃபிலிம் துணி இல்லை. குத்தினால் குத்தியதுதான்.

மணி ஒன்று. ரோலில் மிச்சம் இருப்பது இரண்டு துண்டுக்கு மட்டும்.

எனக்கு டீச்சரைப் பல வாரங்களாகத் தெரியும், ஆகையால் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. மாணவி கார் பம்பரைச் சுவரில் இடித்துவிட்டால் அவர் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார்.

"சரி. இடிச்சாச்சு. இறங்கி அழுதா சுவர் நகராது. பின் கண்ணாடிக்கு வேணாம், மிச்சத்தை முன்னாடிக்கே வெட்டு. குண்டூசி வேணாம். ஈரத்துலயே ஒட்டி நிக்கும்."

நாத்தனார் நகரவில்லை. கையில் இருந்த ஓட்டைத் துண்டின் மேல் அவள் கண்ணீர் சொட்டியது.

"ஒரு ஃபிலிமுக்கு ஏன் இப்படி அழற?"

"ஃபிலிமுக்கு இல்ல அண்ணி."

"பின்ன?"

"டாக்டர் அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல அண்ணன்கிட்ட பேசினப்ப நானும் பக்கத்துல நின்னேன்."

டீச்சர் ஸ்பிரே பாட்டிலைக் கீழே வைத்தார்.

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லவே இல்ல அண்ணி. நேர் வெயில் ஆகாது, நீளக் கை போடணும், பக்கத்துக் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டிக்கிட்டு ஓட்டலாம்னு சொன்னார். வேலையை மட்டும் விட்டுடாதீங்கன்னு சொல்லுங்க, விட்டா மனசு படுத்துடும்னு சொன்னார். அண்ணன் சரி டாக்டர்னு தலையாட்டிட்டு வந்து உங்ககிட்ட வேற சொன்னாரு."



"மூணு மாசம்" என்றார் டீச்சர். "மூணு மாசமா தெரியும் உனக்கு."

"அண்ணன் சொல்லாதேன்னுட்டாரு."

"தினமும் எனக்கு டீ போட்டுக் குடுத்த. ஜன்னல்கிட்ட உக்கார்ந்து அடுத்தவங்க காரை எண்ணிக்கிட்டு இருந்தேனே, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எல்லாம் நல்லதுக்குத்தான் அண்ணின்னு சொன்னியே!"

"எனக்கு இந்த வீட்டை விட்டா போக இடம் எது அண்ணி? அண்ணன் முகம் சுளிச்சா நான் மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

டீச்சருக்கு இரண்டு பேர் மேலும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. இவளைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. தலை வாரிவிட்ட அந்தக் கையும் ஞாபகம் வந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. மூன்று மாதமாகத் தன் உடம்பையே சந்தேகப்பட்டுக்கொண்டு, தன் கையைத் தானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு பொய்யை நம்பித்தான்.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத" என்றார். "அதுக்கு வேற ஒரு நாள் வெச்சுக்கலாம். இன்னிக்கு நேரம் இல்ல. கத்தரியை எடு."

*

இந்த முறை துண்டை ஈரக் கண்ணாடியின் வெளிப்பக்கத்திலேயே ஒட்டவைத்து, கண்ணாடியின் விளிம்பை ஒட்டியே வெட்டினார்கள். பேப்பர் இல்லை, மடிப்பு இல்லை. கத்தரி பிடித்த கை அழுதுகொண்டே வெட்டினாலும் கோணவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்க வேண்டும். டீச்சரின் வீங்கிய விரலுக்கு அது பிடிபடவே இல்லை. துண்டுத் தாளில் போட்டிருந்தபடி மூலையில் முன்னும் பின்னும் ஒட்டுநாடா ஒட்டி இழுத்தார்கள். 'சர்' என்று பிரிந்தது. உரிக்க உரிக்க டீச்சர் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்தார், காய்ந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிடும்.

"தூக்கு. என் பக்கம் மேல. இன்னும் மேல. உள்ள கொண்டு போ. இடிக்காத, இடிக்காத!"

"இடிக்கல அண்ணி."

"மேல் ஓரத்தை முதல்ல வை. இப்ப அடியை ரப்பருக்குள்ள சொருகு. விரலால இல்ல, அட்டையால."

பாடம் சொல்கிற குரல் அவருக்குத் திரும்பி வந்திருந்தது. மூன்று மாதமாக அந்தக் குரல் எங்கே போயிருந்தது என்று நாத்தனார் நினைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் ரப்பர் கட்டையை நடுவில் வைத்து ஓரத்துக்கு இழுத்தார். தண்ணீர் கோடாக ஓடி வெளியே வழிந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டு வலித்தது. வலிக்கிற ஒவ்வொரு முறையும் அவர் ஸ்டோர் கீப்பரை மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார். அந்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

மேலே வளைவில் ஃபிலிம் சுருங்கி நின்றது. தலைமுடி காயவைக்கும் டிரையரைக் கொண்டுவந்து சூடு காட்டினார்கள், அடங்கியது. அடி ஓரத்தில் மட்டும் ஒரு சிறு பச்சை நூல் உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டது. என்னதான் உதறினாலும் தையல்காரி தையல்காரிதான்.

"பிரிச்சு எடுத்துடவா?" என்று பயந்துகொண்டே கேட்டாள் நாத்தனார்.

"தொடாதே. அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு வெயில்தான் ஆகாது, நூல் ஆகும்."

மூன்றே முக்காலுக்கு இரண்டாவது கண்ணாடியும் முடிந்தது. அங்கங்கே கொப்புளம் மாதிரி நீர் தெரிந்தது, காயக் காயப் போய்விடும் என்று தாளில் போட்டிருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் இன்னொன்றும் போட்டிருந்தது: மூன்று நாளைக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கக் கூடாது. இறக்கினால் உரிந்துவிடும்.

நாத்தனார் ஷட்டரை முழுக்க ஏற்றினாள். டீச்சர் நீளக் கைச் சட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே இருந்த ரியர் வியூ மிர்ரர் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. அதில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்பதும் தெரிந்தது. பின் சீட்டிலிருந்து ஸ்டோர் கீப்பர் இறங்கினார்.

*

கூட வந்தவர் செல்போன் ரிப்பேர் கடைக்காரர். தங்கமான மனிதர், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார்.

"அடேயப்பா, நல்லா வெச்சிருக்கீங்கம்மா. என் பொண்ணுக்குத்தான் கேக்கறேன். கார் ஓட்டக் கத்துக்கணும்னு ஒத்தைக் காலில் நிக்கிறா."

கதவைத் திறந்த டீச்சர் இறங்காமலேயே கேட்டார். "யார்கிட்ட கத்துக்கப் போறா?"

"இந்தப் பக்கம்தான் பொம்பளைங்களுக்குன்னே ஒரு டீச்சர் இருக்காங்களாமே, ரொம்பக் கறாராம். அவங்கள விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்க நான்தான்" என்றார் டீச்சர். "பொண்ணை வர்ற திங்கக்கிழமை காலைல அனுப்புங்க, சொல்லித் தரேன். கார் விக்கறதுக்கு இல்ல."

ரிப்பேர் கடைக்காரர் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார். ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் வழிந்துகொண்டிருந்த ஈரத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த குண்டூசி குத்திய துண்டுகளைப் பார்த்தார். கடைசியில் தங்கையைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு ஒட்டின?"

"கார்க்காரியைக் கேட்டேன். ஒட்டிக்கோன்னு சொன்னா" என்றார் டீச்சர்.

"விளையாடாத. உன் உடம்பு என்ன நிலைமையில இருக்கு…"

"அப்ப அண்ணே," என்று குறுக்கிட்டார் ரிப்பேர் கடைக்காரர், சங்கடத்தோடு, "காலைல சரிபார்க்கச் சொல்லி வண்டியோட ஒரிஜினல் புக்கைக் குடுத்தீங்களே, அது என் கடை டிராயர்ல இருக்கு. அஞ்சு மணிக்குக் கடையை மூடிட்டு ரெண்டு நாள் வெளியூர் போறேன்."

டீச்சரின் முகம் மாறியது. வண்டியின் புத்தகம் இல்லாமல் டெஸ்ட் மைதானத்துக்குள் காரை விட மாட்டார்கள். நாளை ஒன்பது மணிக்கு மூன்று பெண்கள் அங்கே நிற்பார்கள். மணி இப்போது நாலே கால்.

"நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கதவை இழுத்துச் சாத்தி சாவியைத் திருப்பினார். ஸ்கூட்டர் விட்டால் போதும் என்று கிளம்பியது.

ஸ்டோர் கீப்பர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"கண்ணாடியை இறக்கு!"

"இறக்க மாட்டேன்."

"பேசணும், இறக்குன்னு சொல்றேன்!"

"மூணு நாளைக்கு இறக்கக் கூடாது. டாக்டர் என்ன சொன்னார்னு அங்கேயிருந்தே சொல்லுங்க. கேக்குது."

தட்டிய கை கண்ணாடியிலேயே நின்றது. ஷட்டர் பக்கத்தில் நின்ற தங்கை கத்தரியை மார்போடு பிடித்துக்கொண்டு, "நான் சொல்லிட்டேண்ணே" என்றாள். "என்னை வீட்டை விட்டு அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க. சொன்னது சொன்னதுதான்."

ஸ்டோர் கீப்பர் திரும்பிக் கண்ணாடிக்குள் தெரிந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"பதினோரு நாள்" என்றார். "அந்த வராந்தா பெஞ்சில பதினோரு நாள் உக்கார்ந்திருந்தேன். உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு நினைச்சு நினைச்சு… உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது. நீங்க சொன்னாத்தானே தெரியும்? பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உங்க பக்கத்துல உக்கார்ந்திருப்பேன். நீங்க பொய்யைச் சொன்னீங்க." டீச்சரின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் இறங்கவில்லை. "பயம் உங்களோடது. கார் என்னோடது. உங்க பயத்துக்காக என் காரை விக்கக் கூடாது."

"சரி, இறங்கி வா. உள்ள போய்ப் பேசலாம்."

"நான் இறங்க மாட்டேன். பேசணும்னா நீங்க ஏறுங்க."

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஸ்டோர் கீப்பருக்கு யாரும் இப்படிக் கதவைக் காட்டியதில்லை. காரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். அது சொல்லித் தருகிறவர் உட்காரும் இடம். பயிற்சி வண்டியாதலால் அங்கேயும் காலடியில் ஒரு பிரேக் இருந்தது.

"அந்த பிரேக்ல உங்க கால் படக்கூடாது" என்றார் டீச்சர்.

ஸ்டோர் கீப்பர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கார் தெருவில் இறங்கியது. மூன்று மாதம் சும்மா கிடந்த வண்டி முதலில் ஒரு இருமல் இருமியது, பிறகு சீராகிவிட்டது. மாலை வெயில் பக்கத்துக் கண்ணாடியில் சாய்வாக விழுந்தது. டீச்சர் கையை ஒதுக்கவில்லை. இரண்டாவது கியர் போட்டார். தெருமுனையில் பேருந்துக்கு வழிவிட்டுத் திரும்பினார். மெயின் ரோட்டில் ஏறியதும் அவருக்குத் தன்னை அறியாமல் முதுகு நிமிர்ந்தது. வலி எங்கேயும் போய்விடவில்லை, இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டோர் கீப்பர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு ரோடு சந்திப்பு வந்தபோது மெல்லிய குரலில் பேசினார்.

"அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவ டீ வாங்கப் போனப்புறம் டாக்டர் என்கிட்ட இன்னொண்ணும் சொன்னார்."

டீச்சர் திரும்பவில்லை.

"ஓரமா நிறுத்து. சொல்றேன்." அவர் கால் தானாகவே முன்னால் நகர்ந்து பிரேக்குக்கு மேலே வந்து நின்றது.

"காலை எடுங்க."

"தாங்கமாட்ட. நிறுத்து முதல்ல."

"தாங்கறதும் தாங்காததும் என் பாடு. இனிமே என்னைப் பத்தின எதுவும் எனக்குத் தெரியாம உங்ககிட்ட இருக்கக் கூடாது." டீச்சர் மூன்றாவது கியருக்கு மாற்றினார். "காலை எடுத்துட்டுச் சொல்லுங்க. நான் ஓட்டிக்கிட்டே கேக்கறேன்."

ஸ்டோர் கீப்பர் காலை எடுத்தார்.

(தொடரும்)